முக்காலிக்கு அந்தப் பக்கம்

முதலில் பல்வலி என்றுதான் நினைத்தேன். கீழ்வரிசையில் இடதுபக்கம், வேர் வரைக்கும் குடைந்து அடைத்து வைத்திருக்கிற அந்தக் கடைவாய்ப் பல். கனவில் ஒரு பல் டாக்டர், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிகிற ஆள், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று குடைந்துகொண்டே போகிறான், பல் முடிந்து தாடை முடிந்து கழுத்தெலும்புக்கு வந்துவிட்டான், நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டவும் முடியாமல் கிடக்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசிக்க முடியாது. விழித்த பிறகும் குடைவது நிற்கவில்லை. கட்டில் அதிர்கிறது. தரையிலிருந்து இரும்புக் காலில் ஏறி, பலகையில் ஏறி, மெத்தை என்று பேர் சொல்லி வாங்கிவந்த அந்தத் தேங்காய் நார்க் கட்டையில் ஏறி, என் பல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தெருவில் ரோட்டை உடைக்கிறார்கள். சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள், பகலில் ஸ்கூல் வேன் போகிற தெரு, ராத்திரிதான் உடைக்க முடியும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா என்று. குழாய் எங்கேயோ விரிசல் விட்டுக் குடிதண்ணீரில் சாக்கடை வாசனை வருகிறது என்று மனு எழுதிப் போட்டவளே நான்தான், அதுவும் கான்வென்ட் இங்கிலீஷில், கமா ஃபுல்ஸ்டாப் பிசகாமல், படிக்கிறவன் எழுந்து நிற்கிற மாதிரி. எழுந்து நின்றுவிட்டார்கள். என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நிற்கிறார்கள். இனி யாரைத் திட்டுவது? கம்ப்ரசர் ஒரு பக்கம் உறுமுகிறது, அதன் வாலில் கட்டின மாதிரி ஒருத்தன் உளியைப் பிடித்துக்கொண்டு தடதடதடவென்று, நடுவில் ஒரு மூச்சு, மறுபடி தடதடதட. அந்த நடு மூச்சுதான் அக்கிரமம். முடிந்துவிட்டது என்று தோள் தளரும், உடனே ஆரம்பிக்கும்.

வண்டியின் தலையில் சுழல்கிற மஞ்சள் விளக்கு ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வருகிறது. என் கால், பீரோ, காலண்டர், கதவு, அப்புறம் அவர், அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி என் கால். எனக்கும் அவருக்கும் நடுவில் முக்காலி. முக்காலி மேல் தண்ணீர்ச் செம்பு, செம்பின் வாயில் கவிழ்த்த டம்ளர், பக்கத்தில் அவருடைய முதுகுத் தைலம். டம்ளர் செம்போடு மோதிக் கிணுகிணுவென்று பல் தந்தியடிக்கிறது. அதை எடுத்துக் கீழே வைக்கலாம். வைக்கவில்லை. அதுவாவது இந்த அறையில் பேசட்டுமே. முக்காலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு இரும்புக் கட்டில், அதன் மேல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த ஒரு முதுகு. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிற முதுகு. கழுத்து வரைக்கும் போர்வை. குறட்டை எங்கே? தினமும் ராத்திரி அந்தக் குறட்டைதான் எனக்குக் கடிகாரம். ஏறும், ஒரு இடத்தில் முட்டி நிற்கும், புஸ்ஸென்று இறங்கும். கல்யாணமான புதிதில் என்ன சகித்திருக்கிறேன், மூக்கைப் பிடித்திருக்கிறேன், விலாவில் குத்தியிருக்கிறேன், டேப்பில் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டியிருக்கிறேன், இது ஏதோ டீசல் இன்ஜின் பேரிங் போன சத்தம் என்று கூச்சமில்லாமல் சொன்னார். இப்போது கம்ப்ரசர் அதை விழுங்கிவிட்டது. விழுங்கியிருக்கிறதா, இல்லை, விழுங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லையா? மாமனார் அப்படித்தான் போனார், சுவரைப் பார்த்துப் படுத்தவர், காபியை வைத்துவிட்டு வந்தேன், ஆடை படிந்த பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் விளக்கு வரும்போது போர்வை ஏறுகிறதா பார்க்கலாம். வருகிறது. போய்விட்டது. ஏறின மாதிரியும் இருக்கிறது. கட்டிலே அதிரும்போது போர்வை தானாக ஆடுகிறதோ என்னவோ. கையை நீட்டினால் தெரிந்துவிடும். முக்காலியைத் தாண்டி, தைலத்தைத் தட்டாமல், எட்டி அந்தத் தோளில் ஒரு விரல். ஆனால் நீட்ட மாட்டேன். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

எங்களுக்கு எதுக்குக்கா இனிமே. இந்த வாக்கியம்தான். நாக்கில் சிக்கின மீன் முள் மாதிரி, எங்கே தள்ளினாலும் அங்கேயே வந்து குத்துகிறது. அண்ணி வந்திருந்தாள், அதாவது இவருடைய அக்கா, மங்கையர்க்கரசி, பெயருக்கு ஏற்ற தோரணை, உட்கார்ந்தால் சோபா அவளுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. அவள் மகன் இளங்கோவுக்குக் கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் வைக்கிறார்கள். அவள் கணவர், மகன், புது மருமகள், மருமகளுடைய அம்மா என்று ஹால் நிறைய ஆள். நான் சமையலறையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். "சிவம், உன் ரூம்ல கெடக்கே அந்தத் தேக்குக் கட்டில், ராசியான கட்டில்டா. அதுல படுத்தவ ஒரு கொறையும் இல்லாம இருக்கா. பிள்ளைங்களுக்குக் குடுத்துடேன். முதுகுவலின்னு நீயே தரையில பாய் போட்டுப் படுக்குற. உங்க ரெண்டு பேருக்கும் இனிமே எதுக்கு அவ்ளோ பெரிய கட்டிலு?" சிரிப்பு. புது மருமகள் தலையைக் குனிந்திருப்பாள். அப்புறம் என் வீட்டுக்காரர் குரல், நல்ல தெளிவாக, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி: "ஆமாக்கா. எங்களுக்கு எதுக்குக்கா இனிமே. எடுத்துட்டுப் போங்க." கரண்டியிலிருந்து மாவு சொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெயில் விழுந்து குட்டிக் குட்டியாகப் பொரிந்தது. ஒரு பஜ்ஜி கருகினதைக் கவனிக்கவில்லை, அதைத்தான் அண்ணி தட்டில் முதலில் வைத்தேன், அந்த மட்டும் நிறைவு. கட்டில் என் அப்பா போட்ட சீர். தலைமாட்டில் இரண்டு கிளி, ஒன்றின் மூக்கு உடைந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மரம் போனது பற்றியில்லை. அந்த இனிமே. அதை எந்தத் தேதியிலிருந்து வைத்துக்கொண்டார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கரண்ட் நிறுத்துவதற்கே ஒரு நாள் முன்னால் பேப்பரில் போடுகிறான்.

அடுத்த வாரம் இந்த இரும்புக் கட்டில்கள் வந்தன. இரண்டு. டாக்டர் கெட்டியான படுக்கை வேண்டும் என்றாராம், சரி, ஒன்று வாங்க வேண்டியதுதானே, ஏன் எனக்கும் ஒன்று, நான் என்ன நோயாளியா, அரசாங்க ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டா இது? எங்கக்கா போடுறது என்று வண்டிக்காரன் கேட்டான். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். அப்போதே பேச்சு நின்றிருந்தது. முன்னாலெல்லாம் நாங்கள் பேசாமல் இருந்தால் ரூபிணி இருப்பாள். சாப்பாட்டு மேஜையில் எங்கள் மகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். "அப்பா, ரசம் வேணுமான்னு அம்மா கேக்குறாங்க." "உப்பு கம்மின்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." "உப்பு கம்மியாம்மா. ஆனா நல்லாத்தான் இருக்கு, அவர் சும்மா சொல்றார்." இரண்டாவது வேளைக்குள் அவளே ஏதாவது திருத்திச் சொல்லி, இவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி, முடித்துவைத்துவிடுவாள். இப்போது ஹைதராபாத்தில் வேலை. முதல் இரண்டு நாள் அங்கிருந்தே நடத்தினாள். நான் அடுப்படியிலிருந்து அவளுக்கு மெசேஜ் போடுவேன், அவள் ஹாலில் இருக்கிறவருக்குப் போடுவாள், சிலிண்டர் முடிந்துவிட்டது என்கிற செய்தி ஹைதராபாத் போய்த் திரும்பும். மூன்றாவது நாள் போனிலேயே கத்தினாள். "அப்பா சொல்றார், ஒரு பழைய மரத்துக்கா இத்தனை அழிச்சாட்டியம்னு. இதை நான் உன்கிட்ட சொல்லணுமாம்மா? எனக்கு மீட்டிங் இருக்கு. நான் ராஜினாமா பண்றேன், வேற ஆளப் பாத்துக்குங்க." சரி, மரத்துக்காகத்தான் என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது? மகளைக் கூப்பிட்டு, இல்லடி, மரத்துக்காக இல்ல, உங்கப்பா பக்கத்துல படுக்கணும்னுதான் என்று சொல்லி அனுப்புவதா?

பேசாமல் இருப்பதில் என்னை ஜெயிக்க முடியாது. பழக்கிவிட்டிருக்கிறார்கள். கான்வென்ட் ஹாஸ்டலில் ராத்திரி ஜெபம் முடிந்து மணி அடித்தால் காலைப் பூசை வரைக்கும் ஒரு குஞ்சு வாய் திறக்கக் கூடாது, பெரிய மௌனம் என்று அதற்குப் பேர். சிஸ்டர் அல்ஃபோன்சா டார்ச்சோடு வருவார்கள், ரப்பர் செருப்பு, வருவதே தெரியாது, முகத்தில் வெளிச்சம் விழும்போதுதான் தெரியும். மனோன்மணி, கை போர்வைக்கு மேலே. கை ஏன் மேலே இருக்க வேண்டும் என்பது எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்புறம்தான் புரிந்தது, அவ்வளவு மக்கு. அங்கேயும் இரும்புக் கட்டில்தான். வரிசையாக, ஒருத்தி கையை நீட்டினால் அடுத்தவளுக்கு எட்டாத தூரத்தில், அளந்து போட்டது. முதல் வருஷம், பக்கத்துக் கட்டிலில் பிரிசில்லா என்று ஒரு குன்னூர்ப் பெண், சத்தமில்லாமல் அழுவாள், கட்டில் மட்டும் லேசாக ஆடும். ஒருநாள் இடி, மின்னல், கரண்ட் போய்விட்டது. நான் கட்டிலின் விளிம்புக்கு வந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, கையை நீட்டினேன். அவளும் நீட்டியிருக்கிறாள், இருட்டில் எனக்கு எப்படித் தெரியும். துழாவித் துழாவி நடுவில் எங்கேயோ விரல் நுனியும் விரல் நுனியும் இடித்தது. அவ்வளவுதான். பிடிக்கக்கூட முடியவில்லை. அந்த நுனியை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் தூங்கிப்போனோம், காலையில் என் கை மரத்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் கழித்து அதே கட்டில், அதே தூரம். சிஸ்டருக்குப் பதிலாக இந்த மஞ்சள் விளக்கு, சுற்றிச் சுற்றி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது. கை போர்வைக்கு மேலேதான் இருக்கிறது சிஸ்டர். இருந்து என்ன பிரயோஜனம்?

கீழே ஒரு பொம்பளைக் குரல், உளிச் சத்தத்தை மீறிக்கொண்டு வருகிறது. உடைத்த கல்லை இரும்புச் சட்டியில் அள்ளிக் கொட்டுகிறவளாக இருக்கும். "யோவ்! யோவ்! காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" ஒரு ஆண் குரல், உளியை நிறுத்தாமலேயே, "ஒனக்குத் தொண்டையில மைக்கு வச்சுத் தச்சிருக்கா? என்னான்னு சொல்லுடி!" "அந்தப் பக்கம் நகரு, கல்லு தெறிக்குது, கண்ணு போச்சுன்னா கஞ்சி ஊத்த என்னால ஆவாது!" "போனா போவுது, ஒன் மூஞ்சிய இன்னும் எத்தன வருசம் பாக்குறது?" அப்புறம் அவள் சிரிக்கிற சத்தம், சட்டியைத் தடாலென்று கவிழ்க்கிற சத்தம். பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன், தெருவில் ராத்திரி கல் சுமக்கிறவளைப் பார்த்துப் பொறாமை, கேட்டால் யாராவது சிரிப்பார்கள். அவளுக்கு முதுகு ஒடிந்துபோயிருக்கும், எனக்கு மின்விசிறி, மெத்தை, சுவர்க்கடிகாரம். ஆனாலும் யோவ் என்று கூப்பிட ஒரு ஆள், கூப்பிட்டால் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள். இந்த வீட்டில் கத்த முடியாது. கீழ்வீட்டில் ஜெசிந்தா டீச்சர் குடியிருக்கிறார்கள், ரிடையரானவர்கள், தூக்கம் கிடையாது, மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் காலையில் மாடிப்படியில் நின்று கேட்பார்கள், என்ன மனோ, ராத்திரி ஏதோ விழுந்துச்சே, சாருக்கு ஒண்ணுமில்லையே? கட்டில் வந்த அன்றைக்கு அவர்கள் கண்ணில் ஒரு பளபளப்பு. "ரெண்டு சிங்கிள் காட்டா? நல்லதுதான் மனோ. ஒரு வயசுக்கு மேல அதுதான் ஆரோக்கியம்." ஆரோக்கியமாம். கன்னியாஸ்திரியாகப் போக வேண்டியவர்கள், தவறிப்போய் டீச்சரானார்கள்.

சத்தம் என்றால் அந்தக் காலத்துச் சத்தம். அப்போது மாமனார் வீட்டில், ஒரே கூரைக்குள் இத்தனை பேர், எங்கள் அறைக்கு மரத் தடுப்புதான் சுவர். அப்பா போட்ட தேக்குக் கட்டில் கால் பொருத்துகிற இடத்தில் ஒரு தளர்ச்சி, புரண்டு படுத்தாலே கிர்ரென்று ஊருக்குச் சொல்லும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அண்ணி காலையில் பல் துலக்கிக்கொண்டே, "ராத்திரி பூனை வந்துச்சா மனோ? உங்க ரூம் பக்கமா கத்துன மாதிரி இருந்துச்சே" என்பாள். நான் வெட்கத்தில் செத்தேன். கான்வென்ட் பெண் வேறு. மூன்று நாள் இவரைக் கட்டில் பக்கம் விடவில்லை, தரையில் தலையணையைப் போட்டுக்கொண்டேன். நாலாவது நாள் சாயங்காலம் ஸ்பேனரோடு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். என்ன பண்றீங்க என்றால் கால்தான் வெளியே தெரிகிறது. பழைய சைக்கிள் ட்யூபை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டு வந்து, மரத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கொடுத்து முறுக்கியிருக்கிறார். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் ஒட்டடை. "இப்ப உக்காரு. குதி. குதிம்மா, ஒரு சத்தம் வருதா பாரு." நான் மாட்டேன் என்றேன். அவரே உட்கார்ந்து குதித்துக் காட்டினார், இருபத்தெட்டு வயசு லெக்சரர், சின்னப் பையன் மாதிரி. ஒரு சத்தம் வரவில்லை. அன்று ராத்திரி அவர் என் காதில் மெதுவாக, பூனை செத்துப்போச்சு என்றார், நான் சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டேன், போர்வை வாசனை இப்போதும் மூக்கில் வருகிறது, கஞ்சி போட்ட புதுத் துணி, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் அவர். அந்த ட்யூப் துண்டுகளும் கட்டிலோடு போயிருக்கும். இளங்கோவுக்குத் தெரியுமா அது எதற்காக இருக்கிறது என்று? பொருத்துகிறபோது அழுக்கு என்று பிடுங்கி எறிந்திருப்பான். எறிந்திருந்தால் நல்லது. கத்தட்டும் அவன் பூனை. இந்த இரும்புக் கட்டிலுக்கு மட்டும் ஒரு ட்யூப் துண்டு வெட்டிப்போட இவருக்குத் தோன்றவில்லை பாருங்கள். மொசைக் தரையில் ஒரு அங்குலம் நகர்ந்தால் எலும்பு கூசுகிறது. தேவையில்லை என்று நினைத்திருப்பார். நகர்வதற்கு என்ன இருக்கிறது. எங்களுக்கு எதுக்குக்கா இனிமே.

மஞ்சள் விளக்கு மறுபடி வந்து போயிற்று, போர்வை ஏறின மாதிரி இல்லை. நிஜமாகவே இல்லை. இது என்ன பிடிவாதம், மனுஷன் போய்விட்டிருந்தால் யாரிடம் போய்ப் பேசாமல் இருப்பது? பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. நாளைக்கு அண்ணி வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுவாள், கடைசியா என்ன சொன்னான் மனோ என்று கேட்பாள், என்ன சொல்வேன், உங்ககிட்ட சொன்னதுதான் அண்ணி கடைசி என்பேனா? ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தேன். முக்காலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டினேன். கை எட்டவில்லை, அளந்துதான் போட்டிருக்கிறேன். விளக்கு வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது. காலண்டர், கதவு, அப்புறம் அவர் காது, காதுக்குக் கீழே தாடை. தாடை அசைகிறது. மறுசுற்று வந்தது, இன்னும் அசைகிறது, மேலும் கீழும், நன்றாக. மெல்லுகிறார்! நான் இங்கே தாலியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், இந்த மனுஷன் கனவில் எதையோ வைத்து மென்றுகொண்டிருக்கிறார், என் கையால் கிடைக்காத பஜ்ஜியாக இருக்கும். அப்படியே தலையணையில் விழுந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காதுக்குள் போயிற்று. இருக்கிறார். இருக்கிறார் என்றதும் வந்ததே ஒரு கோபம்! பயந்தபோது வராத கோபமெல்லாம் வட்டியோடு வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. ஜெசிந்தா டீச்சருக்குக் கேட்காது, தூங்குகிற மனுஷனுக்குக் கேட்காது, எனக்கே சரியாகக் கேட்காது. கூரையைப் பார்த்து, முதலில் வாய்க்குள்ளேயே, "பன்னி" என்றேன். நன்றாக இருந்தது. "நல்லசிவமாம் நல்லசிவம். எவன் வச்ச பேரு?" என்றேன். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதும் ஒரு குறுகுறுப்பு, மறுபடி சொன்னேன். தடதடதட என்றது தெரு. நானும் குரலை ஏற்றினேன். அண்ணியைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், தேங்காய் நாரைத் திட்டினேன், இங்கிலீஷில் கொஞ்சம், சிஸ்டர் காதில் விழுந்தால் சோப்பால் வாயைக் கழுவியிருப்பார்கள். திட்டு தீர்ந்துபோயிற்று. தீரும் என்று நான் நினைத்ததில்லை. திட்டுக்கு அடியில் என்ன இருந்ததோ அது தானாக வர ஆரம்பித்தது. "தூக்கம் வரலைங்க. அந்தப் பக்கம் திரும்பினா சுவரு, இந்தப் பக்கம் திரும்பினா முக்காலி. கால் சில்லுன்னு ஆனா எங்க கொண்டுபோய் வைக்கிறது? முன்னல்லாம் உங்க ஆடுசதையில வச்சிக்குவேன், ஐயோன்னு துள்ளுவீங்க, ஆனா எடுக்க மாட்டீங்க. எனக்கு நரைச்சிருச்சு, வயிறு தொங்குது, எல்லாம் எனக்குத் தெரியும், கண்ணாடி இருக்கு வீட்ல. ஆனா யாரைக் கேட்டு முடிச்சீங்க?" உளி கீழே எதையோ கெட்டியானதைப் பிடித்துவிட்டது போல, சத்தம் உச்சத்துக்குப் போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, டம்ளர் தள்ளாடியது, நான் அதற்கு மேலே கத்தினேன், "எங்களுக்கு எதுக்குன்னு உங்கக்காகிட்ட சொன்னீங்கல்ல? எங்களுக்குன்னு எப்படிச் சொல்லலாம், உங்களுக்குன்னு சொல்லுங்க. எனக்கு வேணும்! எனக்கு இன்னும் வேணும்!"

கம்ப்ரசர் நின்றுவிட்டது.

மூச்சு விடுகிற இடைவெளி இல்லை இது, அடியோடு நின்றுவிட்டது, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி. என்னுடைய கடைசி 'வேணும்' அறை நடுவில் அப்படியே தொங்கியது. ஆனால் அது மட்டும் இல்லை. அதோடு சேர்ந்து இன்னொரு குரலும் மாட்டிக்கொண்டு தொங்கியது. சுவர்ப் பக்கத்திலிருந்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்: "...அக்கா முன்னாடி வேற என்னத்தடி சொல்லுவேன்? ஆமா எங்களுக்கு வேணும்னா சொல்ல முடியும்?"

தெருவில் டம்ளர்கள் உரசுகிற சத்தம். டீ வந்திருக்கிறது. யாரோ காறித் துப்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பிணம் மாதிரி அசையாமல் கிடந்தோம். மஞ்சள் விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அப்படியானால் மெல்லவில்லை. இவ்வளவு நேரமும் சுவரோடு பேசியிருக்கிறார். எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்றால், அவர் பேசின மற்றதெல்லாம் போச்சே, கம்ப்ரசர் தின்றுவிட்டதே என்றுதான். முகம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"என்ன கேட்ட?" என்றார், சுவரைப் பார்த்தபடியே, ரொம்பச் சின்னக் குரலில்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்."

"கேட்டுச்சு."

"எது வரைக்கும்?"

"கடைசி ரெண்டு வரிதான்."

"அய்யய்யோ. அப்ப மொதல்லேருந்து மறுபடி சொல்லணுமா?" என்று திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை, விளக்கு வந்தபோது தெரிந்தது, கண்ணாடி போடாத முகம், இளைத்திருந்தது, இத்தனை நாளாக நேராகப் பார்க்கவில்லை. எதையாவது சுருக்கென்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், எனக்கு வராத நாளா. அப்புறம் பார்த்தால் நான் கேட்டது இதை: "அப்புறம் எதுக்கு ஒத்தைக் கட்டிலா வாங்கினீங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் காட்தானேடி? எனக்குப் பலகை, உனக்கு மெத்தைன்னு தனித்தனியா மாத்திக்கலாம்னு பாத்து வாங்கினேன். நான் காலேஜ் விட்டு வர்றதுக்குள்ள நீ ஆளுக்கொரு மூலையில போட்டு நடுவுல முக்காலியக் கொண்டாந்து வச்சுட்ட. நான் என்னன்னு நெனைக்கிறது? போதும்ங்கறேன்னு நெனைச்சேன்."

அவர் தரையில் காலை ஊன்றி, செம்பைத் தைலத்தை டம்ளரை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். முக்காலியைத் தூக்கிப் பீரோ பக்கம் கொண்டுபோய் வைத்தார். நடுவில் அவ்வளவு இடம் கிடந்தது, அதில் தூசியாக மூன்று வட்டம்.

"முதுகு?" என்றேன்.

"தூக்கினாத்தான் முதுகு. தள்ளுறதுக்கு முட்டி போதும். நீ கால்மாட்டுப் பக்கம் பிடி."

எழுந்து போய்ப் பிடித்தேன். தள்ளினோம். மொசைக்கில் இரும்பு கிறீஈஈச் என்று ஒரு கத்து கத்தியது பாருங்கள், பூனை என்ன, யானை செத்துப் பிழைத்து வந்த மாதிரி. இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டோம். கீழே ஜெசிந்தா டீச்சர் இருமினார்கள். ஸ்விட்ச் போடுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே வேப்ப இலைகள் மேல் அவர்கள் அறை வெளிச்சம் விழுந்தது.

"காலையில ட்யூப் வெட்டிப் போட்டுடறேன்" என்று கிசுகிசுத்தார்.

"காலையிலயா?"

நான் கேட்ட விதம் எனக்கே கேட்டது. இருட்டில் அவர் சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று கட்டில் கம்பி வழியாகத் தெரிந்தது, லேசாக ஆடியது. "இரு" என்றார். "டீ குடிச்சுட்டு வரட்டும்."

அப்படியே நின்றோம். அவர் தலைமாட்டில், நான் கால்மாட்டில், ஆளுக்கொரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருட வந்தவர்கள் மாதிரி. வெளியே அந்தப் பொம்பளை எதற்கோ சிரித்தாள், அவள் புருஷன் என்னவோ முணுமுணுத்தான். இவர்கள் ஒரு டீயை எவ்வளவு நேரம் குடிப்பார்கள்? வேலைக்கு வந்தவர்கள் வேலையைப் பார்க்க வேண்டாமா? குழாய் உடைந்து கிடக்கிறது, விடிந்தால் ஸ்கூல் வேன் வரும், இங்கே நின்று ஊர்க்கதை. இன்னொரு மனு எழுதலாமா என்று இருந்தது. கீழே விளக்கு இன்னும் அணையவில்லை. மொசைக் தரை காலில் ஜில்லென்றது. ஆரம்பியுங்கள், ஆரம்பித்துத் தொலையுங்களேன் என்று தெருவைப் பார்த்து நின்றேன்.

"எட்றா மிசின" என்றான் யாரோ.

கம்ப்ரசர் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. பிடித்துக்கொண்டது.

"ம்" என்றார்.

தள்ளினோம்.